கார்னருக்கு முதுகு காட்டியவர்

அவரை நாங்கள் எல்லோரும் 'முதுகு' என்றுதான் சொல்வோம். நேரில் மட்டும் மரியாதைக்கு 'அண்ணே'. சோபா பழுது பார்க்கிறவர், சாய்மானம் தைப்பதில் கெட்டிக்காரர், அதனால் வந்த பட்டப்பெயர் என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். நாங்களும் திருத்துவதில்லை. காரணம் வேறு. எங்கள் ஊர் கால்பந்து அணி ஆடும்போது எதிரணிக்கு மைதான மூலையிலிருந்து உதைக்கும் ஒரு கார்னர் கிடைத்தால் போதும், மனிதர் மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுவிடுவார். பந்து கோலுக்குள் போனதா, பிழைத்தோமா என்று தெரிந்த பிறகுதான் இந்தப் பக்கம் திரும்புவார். கோலுக்குப் பக்கத்தில் ஃப்ரீகிக் என்றாலும் அதே கதைதான்.

இப்படிப்பட்டவர்தான் கார்னரை எப்படித் தடுக்க வேண்டும் என்று எங்கள் கூட்டத்திலேயே வாய் கிழியப் பேசுகிறவர். இதில் ஏதோ இடிக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. ரசிகர்களின் மூளை அப்படி.

நான் பக்கத்துக் கடையில் போட்டோகாப்பி எடுப்பவன். பரீட்சைக் காலம் தவிர மற்ற நாட்களில் என் மெஷின் தூங்கும், நான் அவர் கடையில் இருப்பேன். அங்கே உட்கார இடத்துக்குப் பஞ்சமில்லை. யார் வீட்டு சோபாவாவது ரெக்சின் உரிந்து, ஸ்பிரிங் தெரிய, ஒரு கால் ஒடிந்து வந்து கிடக்கும். "எந்திரி, அது அடுத்தவன் பொருள்" என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. நாலு பேர் உட்கார்ந்தால்தான் எங்கே அமுங்குகிறது என்று தெரியும் என்பார். ஆக, நாங்கள் வெட்டியாக உட்கார்ந்திருந்ததும் ஒருவகையில் வேலைதான்.

வழக்கமாக வருகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் பஸ் டிரைவர், ஷிப்ட் முடிந்து காக்கிச் சட்டையோடு நேரே வருவார். இன்னொருவர் எதிர்ச்சாரி மருந்துக்கடைக்காரர். கடையின் உள்பக்கம், தையல் மெஷினில், முதுகின் மனைவி உறை தைத்துக்கொண்டிருப்பார். நாங்கள் அவரை அண்ணி என்போம். அவருக்கு ஏதாவது சொல்ல இருந்தால் மெஷின் நிற்கும். மெஷின் நின்றால் நாங்களும் நிறுத்திவிடுவோம்.

அந்த வருஷம் எங்கள் அணி வாங்கிய கோல்களில் பாதிக்கு மேல் கார்னரிலும் ஃப்ரீகிக்கிலும் வந்தவை. ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்வரை பையன்கள் நன்றாகத்தான் ஆடுவார்கள். பந்தை ஒரு இடத்தில் வைத்து ஒருவன் நிதானமாக உதைக்க வந்தால், கல்யாணத்துக்கு வந்த கூட்டம் செருப்பைத் தேடுவதுபோல ஆளாளுக்கு ஒரு பக்கம் பார்ப்பார்கள். கிளப் நிர்வாகம் கோல்கீப்பர்களைப் பழக்கும் கோச்சைத் தூக்கியது. புதிதாக ஒருவரை எடுத்தது.

டிரைவர்தான் போனில் செய்தியைப் படித்தார். பெயர் வந்ததும் அவர் குரல் தாழ்ந்தது. நாங்கள் மூன்று பேரும் முதுகைப் பார்த்தோம். அவர் வாயில் கவ்வியிருந்த ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டத்தில் அடித்துக்கொண்டிருந்தார். உள்ளே மெஷின் நின்றது.

"தம்பி போன வாரமே சொல்லிட்டாரு" என்றார் அண்ணி. "ஸ்டேடியத்துக்குப் பின்னாடி தெருவுல வீடு பாத்திருக்காங்க."

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்றார் முதுகு.

"நீங்க கேக்கல."

மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

புதிய கோச் முதுகின் கூடப்பிறந்த தம்பி. ஒருகாலத்தில் எங்கள் அணியின் கோல்கீப்பரே அவர்தான். இந்தத் திரும்பி நிற்கிற வழக்கம் தொடங்கியதும் அப்போதுதான். தம்பியின் முதல் ஆட்டத்தில் எதிரணிக்குக் கார்னர் விழுந்த நேரம், அண்ணனின் குடை பின்வரிசைக்கு அடியில் உருண்டுவிட்டது. எடுக்கத் திரும்பினார். தம்பி பந்தைப் பிடித்துவிட்டார். அடுத்த கார்னருக்கு வேண்டுமென்றே திரும்பினார். அதையும் பிடித்தார். அதற்கப்புறம் திரும்பாமல் இருக்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை. எங்களுக்கும் அவரைத் திரும்பாமல் இருக்கவிடத் துணிச்சல் வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எப்போதாவது அவர் மறந்து நின்றால் டிரைவரே தோளைப் பிடித்துத் திருப்பி விடுவார். நின்ற இடத்திலிருந்து நாங்கள் அவர் முதுகுக்கு நேர்முக வர்ணனை கொடுப்போம். அவர் பின்வரிசை முகங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார். எங்கள் இடம் எப்போதும் ஒன்றுதான், கார்னர் கொடிக்கு நேர் பின்னால், கூரையில்லாத வரிசை.

தம்பி ஆடிய கடைசி வருஷத்தின் கடைசி ஆட்டம். சமன் செய்தால் போதும், அணி அந்தப் பிரிவிலேயே தங்கும். முடியப்போகிற நேரத்தில் எங்கள் பக்கத்துக் கொடியிலிருந்து கார்னர். கீப்பர் வெளியே வந்தார், பந்தைத் தவறவிட்டார், கோல். அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. கீப்பரை இடித்தார்கள் என்று சிலர், இடிக்கவில்லை என்று பலர். ஊர் வாயை யார் மூட முடியும்.

அன்று சாயங்காலம் வீட்டில் நடந்ததை அண்ணிதான் எனக்குச் சொன்னார். தம்பி சாப்பாட்டு மேஜையில் இடது தோளில் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். "நீ சொல்லுண்ணா, என்னை இடிச்சாங்களா இல்லையா?" என்று கேட்டாராம். முதுகு கையைக் கழுவிக்கொண்டே, "நீ வெளிய வந்திருக்கக் கூடாது" என்றாராம். அவ்வளவுதான். தம்பி கை கழுவும் தொட்டியில் ஐஸைப் போட்டுவிட்டுப் போனார். கொஞ்ச நாளில் வேறு ஊர் அணிக்குப் போய்விட்டார். அதன்பிறகு நல்லது கெட்டதுகளில் அண்ணனும் தம்பியும் ஒரே அறையில் இருப்பார்கள், பேச்சு மட்டும் இருக்காது. ஏதாவது சொல்லியாக வேண்டுமென்றால் அண்ணி வழியாகப் போகும், அண்ணி வழியாக வரும்.

புதிய கோச் வந்ததும் அணியின் நிற்கிற முறையே மாறியது. அதுவரை கார்னர் என்றால் ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொள்வார்கள். இப்போது இடத்துக்கு ஒரு ஆள் நிற்க வேண்டும், கீப்பர் வெளியே வந்து பந்தை எடுக்க வேண்டும் என்றாகிவிட்டது. எங்கள் கடையில் இரண்டு கட்சி.

"ஆளைப் புடிக்கணும்" என்பார் டிரைவர். "அவன் மூச்சு விட்டா நம்மாளு கழுத்துல படணும். அப்படி ஒட்டிக்கணும்."

"ஆளு ஓடிட்டே இருப்பான். இடம் ஓடாதுல்ல?" என்பார் மருந்துக்கடைக்காரர். "அவனவன் இடத்துல நின்னா பந்து தானா வரும்."

"பந்தும் வரும், கூடவே அவனும் வருவான். மாத்திரை அலமாரின்னு நெனச்சியா, அடுக்கி வெச்சது அங்கயே இருக்க?"

"உன் பஸ்ஸும்தான் ஒரு ஆளு பின்னாடி ஓடுதா? ஸ்டாப்புல போய்த்தானே நிக்குது."

டிரைவருடைய பஸ் ஸ்டாப்பில் நிற்பதில்லை என்று ஊருக்கே தெரியும்.

முதுகு இந்தச் சண்டையில் யார் பக்கமும் இல்லை. அவர் கீப்பரை மட்டும் பிடித்துக்கொண்டார். வெட்டுப் பலகையைச் சுத்தமாகத் துடைப்பார். கத்தரிக்கோலை விரித்து வைத்தால் கோல். ஃபோம் துண்டுகள் நம்ம ஆட்கள், பித்தளை ஆணிகள் எதிராளிகள், ஸ்டேப்ளர் கீப்பர். "கீப்பர் கோட்டுலயே நிக்கணும்" என்று ஸ்டேப்ளரைக் கத்தரிக்கோலின் வாய்க்குள் அழுத்தி வைப்பார். "வெளிய வந்தான், செத்தான்." நேரில் பார்த்த எங்களுக்கு எவன் எங்கே நின்றான் என்பதில் குழப்பம் இருக்கும். அவருக்குக் குழப்பமே கிடையாது. பார்த்தவனுக்குத்தானே சந்தேகம் வரும்.

தம்பி கோச்சாக வந்தபின் ஊரில் நடந்த முதல் ஆட்டம். கார்னர் விழுந்தது, முதுகு திரும்பினார், நாங்கள் வர்ணனை சொன்னோம். "உதைக்கப் போறான்... உள்ள வருது... கீப்பர் வெளிய வர்றான்..." என்றார் டிரைவர். அதற்குமேல் சொல்லவில்லை. பின்வரிசை முகங்களைப் பார்த்தே முதுகுக்கு விஷயம் விளங்கிவிட்டது. அந்த ஒரு கோலில் தோற்றோம். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கோச் என்று ஒருவர் கத்தினார். அதைவிட மோசமாகவும் கத்தினார்கள், நாங்களும்தான். முதுகு தன் பாட்டுக்கு நடந்தார்.

மறுநாள் கடையில் அவர் விளாசித் தள்ளினார். பலகையில் கோல் மறுபடி நடந்தது. எதிராளி ஆணி மேலே எழும்பியது, ஸ்டேப்ளர் குடுகுடுவென்று வெளியே வந்து அசடு வழிந்தது. நாங்கள் ஆளுக்கொரு சோபாவில் சாய்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தோம். வாசலில் ஒரு வேன் வந்து நின்றதை யாரும் கவனிக்கவில்லை.

"எவன் வேணா எது வேணா சொல்லட்டும்" என்றார் முதுகு. "கீப்பர் வெளிய வந்திருக்கக் கூடாது."

"அப்படியா?" என்றது வாசலில் ஒரு குரல்.

தம்பி நின்றுகொண்டிருந்தார். அணியின் மாற்று ஆட்டக்காரர்கள் உட்காரும் பெஞ்சின் மெத்தைகள் கிழிந்துவிட்டன, அவற்றைத் தைக்க எடுத்து வந்திருந்தார். கிளப்பில் அதற்கெல்லாம் ஆள் உண்டு. அவரே வந்திருந்தார். ஒரு மெத்தை அவர் கையிலேயே இருந்தது, ஓரத்தில் பஞ்சு பிதுங்கிக்கொண்டு. முந்தின நாள் அவரைத் திட்டிய வாய்கள் எல்லாம் சோபாக்களில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. மருந்துக்கடைக்காரர் கடையைத் திறந்துபோட்டு வந்ததைத் திடீரென்று நினைத்துக்கொண்டார். ஆனால் போகவில்லை. வாசலில் தம்பி நின்றார்.

மெஷின் நின்றது. அண்ணி வெளியே வரவில்லை.

தம்பி மெத்தையைக் கீழே வைத்தார். பலகையில் இருந்த கத்தரிக்கோலையும் ஆணிகளையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இத்தனை வருஷத்துக்குப் பின் அண்ணனிடம் நேராகப் பேசினார்.

"நீ பாத்தியாண்ணா?"

முதுகு ஸ்டேப்ளரை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். இவர் ஏதாவது சொல்லிச் சமாளிப்பார் என்றுதான் நான் நினைத்தேன். பேச்சில் மன்னன் ஆயிற்றே.

"பாக்கல" என்றார்.

"அன்னைக்கு?"

எந்த அன்றைக்கு என்று யாரும் கேட்கவில்லை.

"அன்னைக்கும் பாக்கலடா."

"தெரியும்" என்றார் தம்பி. அவர் குரலில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "கார்னர் அடிக்கிறவனைத்தானே நான் பாத்துட்டு நிப்பேன். அவனுக்குப் பின்னாடிதான் நீங்க எல்லாரும். வரிசை வரிசையா மூஞ்சி. நடுவுல ஒரே ஒரு முதுகு. ஒவ்வொரு தடவையும் பாத்துட்டுத்தான் பந்தைப் பாப்பேன். நீ அங்க இருக்கேன்னு தெரிஞ்சா ஒரு தைரியம்."

முதுகுக்கு முகம் கறுத்துவிட்டது. "அப்போ அன்னைக்கு ஏன் என்கிட்ட கேட்ட? நான் பாக்கலன்னு தெரிஞ்சுக்கிட்டே?"

"பாக்கலடான்னு நீ சொல்லுவேன்னு நெனச்சேன். இல்ல, பாக்காமலே இடிச்சாங்கன்னு சொல்லுவேன்னு நெனச்சேன். ரெண்டுல எதைச் சொல்லியிருந்தாலும் சாப்பிட்டுட்டுப் படுத்திருப்பேன்."

எனக்கு முதுகின் மேல் அப்போது வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. தீர விசாரிப்பதே மெய் என்று பெரியவர்கள் சொன்னது இருக்கட்டும், இந்த ஆள் கண்ணால் காண்பதையே செய்யவில்லை. கூடப்பிறந்தவனுக்குத் தீர்ப்பு மட்டும் சொல்லிவிட்டார். அவர் காதில் அந்த ஆட்டத்தை ஓதியவர்கள் நாங்கள்தான் என்பது ஞாபகம் வந்ததும் கோபம் கொஞ்சம் இறங்கியது.

"தடியான ஃபோம் போடுண்ணா" என்றார் தம்பி, கீழே கிடந்த மெத்தையைக் காலால் நகர்த்தி. "பசங்க உக்கார முடியலங்குறாங்க." உள்பக்கம் எட்டிப் பார்த்து, "வரேன் அண்ணி" என்றார். வேன் போய்விட்டது.

முதுகு மெத்தைகளின் பழைய உறையைப் பிரித்து, மக்கிய பஞ்சைக் கோணியில் தள்ளினார். அண்ணி வெளியே வந்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு வெக்கமா இருக்கு" என்றார் முதுகு. "இருக்கட்டும்" என்றார் அண்ணி. "இழுத்துப் புடிங்க, சுருக்கம் விழுது." இருவருமாக ரெக்சினை இழுத்து அடித்தார்கள்.

அடுத்த உள்ளூர் ஆட்டத்துக்குள் மெத்தைகள் பெஞ்சுக்குப் போய்விட்டன. பெஞ்ச் எங்களுக்கு எதிர்ப்புறம். கருநீல ரெக்சின் இங்கிருந்தே பளிச்சென்று தெரிந்தது. எங்கள் அணி ஒரு கோல் முன்னால் இருந்தது. இரண்டாம் பாதியில் எதிரணிக்குக் கார்னர், எங்கள் பக்கத்துக் கொடியில்.

பழக்கதோஷத்தில் டிரைவர் முதுகின் தோளைத் தொட்டார். முதுகு அவர் கையை எடுத்துவிட்டார். திரும்பவில்லை.

"அண்ணே" என்றார் மருந்துக்கடைக்காரர். அவர் குரலில் உண்மையான பயம் இருந்தது. "இன்னைக்கு ஜெயிக்கிற ஆட்டம்ணே. நாளைக்கு வேணா பாத்துக்கலாம்."

"சும்மா இரு."

முதுகு முன்வரிசைக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண்ணை மூடினாரா என்று நான் பார்த்தேன். மூடவில்லை. எதிர்ப்புறம் பெஞ்சிலிருந்து தம்பி எழுந்து நின்றார். அவர் கொடியைப் பார்க்கிறாரா, கொடிக்குப் பின்னால் பார்க்கிறாரா என்று அவ்வளவு தூரத்தில் சொல்ல முடியாது.

பந்து உள்ளே வந்தது. அவரவர் இடத்தில் ஆட்கள் நின்றார்கள். கீப்பர் வெளியே வந்தான், ஒரு நெட்டையன் எழும்பினான், பந்து இருவர் தலைக்கு மேலும் போய் வலையில் விழுந்தது. நடுவர் கோல் என்று கையைக் காட்டினார்.

"இடிச்சான்" என்றார் முதுகு. முதலில் மெதுவாக. பிறகு மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "இடிச்சான்யா, கீப்பரை இடிச்சான்" என்று கம்பியை உலுக்கிக்கொண்டு கரடியாகக் கத்தினார். நடுவர் காதில் அது ஏறவில்லை. ஆட்டம் அதே கணக்கில் சமனாக முடிந்தது. நீங்க பார்த்ததால்தான் போச்சு என்று மருந்துக்கடைக்காரர் சொல்ல வாயெடுத்தார். டிரைவர் அவர் காலை மிதித்தார்.

ஆட்டக்காரர்கள் வெளியேறும் பக்கவாசலுக்கு முதுகு வேகமாக நடந்தார். நாங்களும் பின்னால் போனோம், யாரும் கூப்பிடாமலே. வெகுநேரம் கழித்துத் தம்பி கையுறைப் பையோடு வந்தார். அண்ணனைப் பார்த்ததும் நின்றார்.

"இடிச்சான்டா" என்றார் முதுகு.

"யாரை?"

"கீப்பரை. அந்த நெட்டையன். எழும்பும்போதே தோளால ஒரு தள்ளு."

தம்பி யோசித்தார். வேலையென்று வந்தால் பொய் சொல்லத் தெரியாத ஆள். "இல்லண்ணா. இடிக்கல. பையன் ஒரு அடி லேட்டா வந்தான். அதை நான்தான் சரி பண்ணணும்."

"இடிச்சான். நான் பாத்தேன்."

"நடுவர் பக்கத்துலயே நின்னாரு."

"அவன் கெடக்கான். நான் பாத்தேன்டா. ரெண்டு கண்ணால பாத்தேன்."

எனக்கும் இடித்த மாதிரி தெரியவில்லை. டிரைவருக்கும் அப்படித்தான் என்பது அவர் முகத்திலேயே இருந்தது. எங்கள் வாழ்க்கையில் ஒரு கோலைப் பற்றிக் கருத்துச் சொல்லாமல் நின்றது அன்றைக்குத்தான்.

தம்பி பையைத் தோளிலிருந்து இறக்கிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"எந்தத் தோள்ல இடிச்சான்?"

"இடது தோள்ல."

"எனக்கும் அங்கதான்" என்றார் தம்பி.

"தெரியும்" என்றார் முதுகு. "ஐஸ் வெச்சிருந்தியே. அதை மட்டும் பாத்தேன்." கையை நீட்டிப் பையை வாங்கிக்கொண்டார். தம்பி கொடுத்தார். இருவரும் கடைப் பக்கமாக நடக்க ஆரம்பித்தார்கள். தெருமுனை திரும்பும்வரை, இடித்தான் என்று ஒருவரும் இடிக்கவில்லை என்று ஒருவரும் சொல்லிக்கொண்டே போனது எங்களுக்குக் கேட்டது.